லுத்தரன் சபையில் விவிலியம் கற்கச் செல்லும் நம்மவர்: அறிந்துகொள்வோம், சிந்திப்போம்



"சாமி, எம் மகன் சென்னையில வேலை பாக்குறான். தங்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்துல லுத்தரன் கோயில் இருக்காம். அங்க பைபிள் வகுப்புக்குப் போறான். இப்ப அங்கேயே சேந்துக்கலாமான்னு கேக்குறான். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

நம் பள்ளத்தாக்கின் எந்தப் பங்கிலும் ஒரு தாய் பங்குத்தந்தையிடம் கேட்கக்கூடிய கேள்வி இது. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களில், ஆலய மணியோசை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் படிப்புக்காகவும் வேலைக்காகவும் சென்னை, திருச்சி, கோவை என்று செல்கிறார்கள். அங்கே நண்பர் ஒருவர் அழைக்கிறார். அல்லது திருமணப் பேச்சு ஒன்று வருகிறது. முதன்முறையாக ஒருவர் விவிலியத்தைத் திறந்து, வரி வரியாக விளக்கம் சொல்வதைக் கேட்கிறார்கள். உள்ளம் தொடப்படுகிறது. பிறகுதான் "சேரலாமா?" என்ற கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முதலில் நமக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். விவரம் தெரியாதபோது கோபம் வருகிறது, அல்லது "எல்லாம் ஒண்ணுதானே" என்ற அலட்சியம் வருகிறது. இரண்டுமே அந்தப் பிள்ளைக்கு உதவாது.

1. யார் இந்த லுத்தரன் மக்கள்?

நம் பகுதியில் கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவர் எல்லாரையும் ஒரே பெயரில் அழைக்கும் வழக்கம் உண்டு. இது சரியல்ல. தேனி, பெரியகுளம், போடி பகுதிகளில் நாம் காணும் பழைய சீர்திருத்தச் சபைகளில் பல, 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனின் பணியால் உருவானவை. அவை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில் இணைந்தன. பெந்தக்கோஸ்து சபைகள் வேறொரு மரபு. லுத்தரன் திருச்சபை இவ்விரண்டிலும் சேராதது. 1947ஆம் ஆண்டு இணைப்பில் அது பங்குபெறவில்லை.

மார்ட்டின் லூத்தர் 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த அகுஸ்தினார் சபைத் துறவி. 1517இல் பாவப் பரிகாரப் பலன்கள் பற்றி அவர் எழுப்பிய கேள்விகள் பெரும் பிரிவினையில் முடிந்தன. அவர் வழி நின்ற சபைகளே லுத்தரன் சபைகள். தமிழகத்தில் இவற்றுள் மூத்தது, 'தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை'. 1919 சனவரி 14 அன்று தன்னாட்சி பெற்ற சபையாக அது நிறுவப்பட்டது. இதன் தலைமையிடம் திருச்சியில் உள்ளது. இதன் ஆயர் 'தரங்கை ஆயர்' எனப்படுகிறார். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் வரும் உசிலம்பட்டியிலும், மதுரையிலும் இத்திருச்சபையின் பணி உண்டு. இது தவிர, 1895இல் அமெரிக்க மிஷனரிகள் கிருஷ்ணகிரிப் பகுதியில் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த 'இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை'யும் தமிழகத்தில் இருக்கிறது.

2. தரங்கம்பாடியில் தொடங்கிய வரலாறு

1706 சூலை 9 அன்று, சீகன்பால்க், புளூட்சோ என்ற இரு இளம் லுத்தரன் குருக்கள் டேனிஷ்காரர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். சீகன்பால்க் ஓலைச்சுவடிகளைச் சேர்த்து, தமிழைக் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் 1714இல் அச்சாயின. புதிய ஏற்பாடு முழுவதும் 1715இல் நிறைவுற்றது. 1719இல் தம் 36ஆம் வயதில் அவர் இறந்தார்.

இங்கே நாம் ஒன்றை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழில் அச்சுக்கலையைத் தொடங்கியவர்கள் நம்மவரே. இயேசு சபைக் குரு அன்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இலேயே கொல்லத்தில் அச்சானது. ஆனால் அது செபமும் மறைக்கல்வியும் அடங்கிய நூல். அச்சிட்ட முழுப் புதிய ஏற்பாடு தமிழ்க் கத்தோலிக்கர் கைக்கு வர 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளியில்தான் பின்வரும் நிகழ்ச்சி நடந்தது.

3. நற்செய்தியை வாசித்த ஒரு படைவீரர்

ராஜநாயக்கன் என்பவர் தஞ்சை அரசரின் படையில் பணியாற்றிய கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல்களும் திருத்தூதர் பணிகளும் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. அவர் வாசித்தார், மீண்டும் வாசித்தார், கேள்விகள் எழுந்தன. மிஷனரிகளோடு தொடர்பு கொண்டு, 1727இல் லுத்தரன் சபையில் சேர்ந்தார். பின்பு தஞ்சைப் பகுதியில் பல ஆண்டுகள் அச்சபையின் உபதேசியாராக உழைத்தார்.

அவர் சேர்ந்தபோது கத்தோலிக்கர் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. வாசித்ததைக் குறித்துக் கேள்வி கேட்ட ஒரு மனிதரை அமரச் செய்து விளக்கம் சொல்வதற்குப் பதிலாகப் பகை காட்டப்பட்டது. அது அவரைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 1733இல் ஆரோன் என்ற தமிழர் லுத்தரன் சபையின் முதல் இந்தியக் குருவாக அருள்பொழிவு பெற்றார். பின்னர் இன்னொரு தமிழரைக் குருவாக்கும் வேளை வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. ஆனால் அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவர் கையால் திருவிருந்து பெற மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் ஒப்பமாட்டார்கள் என்ற அச்சம் தடையாக நின்றது. அவர் உபதேசியாராகவே இருந்து மறைந்தார்.

இந்த ஒரு வாழ்வில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. இறைவார்த்தைப் பசியைக் கோபத்தால் அடக்க முடியாது என்பது ஒன்று. சபை மாறுவதால் மட்டும் நம்முடைய பழைய பாவங்கள் மாறிவிடுவதில்லை என்பது மற்றொன்று. இருக்கையிலும் கல்லறையிலும் சாதி பார்த்த வெட்கம் இரு தரப்புக்கும் உண்டு. அதை விட்டு ஓட ஒரு 'தூய சபை' எங்கோ காத்திருக்கிறது என்று எண்ணிச் செல்பவர் ஏமாறக்கூடும்.

அதே காலத்தில் வாழ்ந்தவர் நம் வீரமாமுனிவர் (1680–1747). லுத்தரன் போதனைகளை மறுத்து 'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகிய நூல்களை எழுதினார். இரு தரப்பின் எழுத்துகளிலும் அன்று கடுமை இருந்தது. ஆயினும், கொடுந்தமிழுக்கு வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் அச்சானது எங்கே தெரியுமா? தரங்கம்பாடியில், அதே லுத்தரன் அச்சகத்தில்! கொள்கையில் எதிர்த்தவர்கள் மொழியில் ஒருவர் மற்றவரிடம் கற்றுக்கொண்டார்கள். கற்பது வேறு, சேர்வது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

4. வகுப்பில் என்ன கற்பிக்கிறார்கள்?

லுத்தரன் சபையில் வயதுவந்தோருக்கான வகுப்புகள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, யாரும் வரக்கூடிய விவிலிய வகுப்பு. இதில் ஒரு நூலை எடுத்து அதிகாரம் அதிகாரமாக வாசித்து விளக்கம் காண்பர். மற்றொன்று, உறுப்பினராக விரும்புவோருக்கான ஆயத்த வகுப்பு. இதற்கு அடிப்படை, லூத்தர் 1529இல் எழுதிய 'சிறிய ஞானோபதேசம்'. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், ஆண்டவர் கற்பித்த செபம், திருமுழுக்கு, பாவ அறிக்கை, திருவிருந்து ஆகியவை இதன் பகுதிகள். குடும்பத் தலைவர் வீட்டில் சொல்லிக்கொடுக்கும் வகையில் கேள்வி பதிலாக அமைந்த சிறு நூல் இது.

நம் பிள்ளைகள் இதைப் புரட்டினால் பெரும்பகுதி தங்களுக்குத் தெரிந்ததே என்று வியப்பார்கள். பத்துக் கட்டளைகளை எண்ணும் முறைகூட நம்முடையதே. மற்றப் பல சீர்திருத்தச் சபைகள் வேறு விதமாக எண்ணுகின்றன.

சொற்கள் மட்டும் முதலில் வேறாக ஒலிக்கும். நாம் 'திருமுழுக்கு' என்பதை அவர்கள் 'ஞானஸ்நானம்' என்பார்கள். அது நம் பாட்டிமார் சொன்ன சொல்தான். நாம் 'நற்செய்தி' என்பது அங்கே 'சுவிசேஷம்'. நம் கையில் 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்' இருக்கும். அவர்கள் கையில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பான 'பரிசுத்த வேதாகமம்' இருக்கும். கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையினரும் சேர்ந்து உழைத்ததால்தான் நம் விவிலியத்துக்குப் 'பொது மொழிபெயர்ப்பு' என்று பெயர் வந்தது.

நூல்களின் எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு. நம் விவிலியத்தில் 73 நூல்கள், அவர்களுடையதில் 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர், சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு ஆகியவற்றை நாம் இணைத்திருமுறை நூல்கள் என்கிறோம். லூத்தர் 1534இல் வெளியிட்ட ஜெர்மன் விவிலியத்தில் இவை நீக்கப்படவில்லை. படிக்கப் பயனுள்ளவை என்று தனிப் பகுதியாக வைக்கப்பட்டன. "உங்க பைபிள்ல சேத்துட்டாங்க", "அவங்க பைபிள்ல வெட்டிட்டாங்க" என்று சண்டையிடுவோர் இருவருமே இதை அறிந்துகொள்வது நல்லது.

5. ஒன்றுபடுவதும் வேறுபடுவதும்

மூவொரு கடவுள், கிறிஸ்துவின் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும், நீசேயா விசுவாச அறிக்கை, குழந்தைத் திருமுழுக்கு, திருவழிபாட்டு ஆண்டு ஆகியவற்றில் நாம் ஒன்றுபடுகிறோம். லுத்தரன் மக்கள் திருவருகைக் காலத்தையும் தவக்காலத்தையும் கடைப்பிடிக்கிறார்கள். மரியாவைக் கடவுளின் தாய் என்று ஏற்கிறார்கள். லூத்தரே 1521இல் மரியாவின் பாடலுக்கு விளக்கவுரை எழுதினார். ஆனால் மரியாவிடமும் புனிதரிடமும் பரிந்துரை வேண்டுவதில்லை.

'மனிதன் கடவுளுக்கு ஏற்புடையவன் ஆவது எப்படி?' என்பதே 16ஆம் நூற்றாண்டில் பிரிவினையின் மையக் கேள்வி. இதைக் குறித்து, 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கூட்டறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. நம் தகுதியால் அல்ல, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொண்ட நம்பிக்கையின் வழியாக, இறையருளாலேயே நாம் ஏற்கப்படுகிறோம். அந்த அருளே நம்மை நற்செயலுக்கு எழுப்புகிறது என்பது அதன் சாரம். எனவே "கத்தோலிக்கர் செயலால் மீட்புப் பெற நினைக்கிறார்கள்" என்று யாராவது வகுப்பில் சொன்னால், இந்தக் கூட்டறிக்கையை நம் பிள்ளைகள் அமைதியாக நினைவூட்டலாம்.

வேறுபாடுகளும் சிறியவை அல்ல. நாம் ஏழு அருளடையாளங்களை ஏற்கிறோம். அவர்கள் திருமுழுக்கு, திருவிருந்து என இரண்டையே ஏற்கிறார்கள். பாவ அறிக்கையையும் மன்னிப்பையும் மதிக்கிறார்கள். பெரும்பாலும் அது வழிபாட்டில் பொது அறிக்கையாக அமையும். திருத்தந்தையின் தலைமையை ஏற்பதில்லை. குருக்கள் திருமணம் செய்துகொள்ளலாம். உலகின் பல லுத்தரன் சபைகளில் பெண்களும் குருக்களாக அருள்பொழிவு பெறுகிறார்கள். இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் நம் வழக்கம் அங்கே இல்லை.

எல்லாவற்றிலும் ஆழமாக வலிப்பது நற்கருணை. அப்பத்திலும் இரசத்திலும் கிறிஸ்து உண்மையாகவே பிரசன்னமாகிறார் என்று லுத்தரன் மக்களும் நம்புகிறார்கள். அது வெறும் நினைவுச்சின்னம் என்று அவர்கள் சொல்வதில்லை. ஆனால் உட்பொருள் மாற்றம் பற்றிய நம் போதனையையும், அதைக் கொண்டாடும் குருத்துவம் பற்றிய நம் புரிதலையும் அவர்கள் ஏற்பதில்லை.

நாம் திராட்சை விளையும் பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சையை, 1832இல் ஒரு பிரெஞ்சுக் குரு இங்கே கொண்டுவந்தார் என்பர். ஒரே கொடியில் காய்க்கும் பழத்தை ஒரே மேசையில் பகிர முடியாத வேதனை என்ன என்பதை நாம் எளிதில் உணரலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016 அக்டோபர் 31 அன்று சுவீடனின் லுண்ட் நகரில் லுத்தரன் தலைவர்களோடு இணைந்து செபித்தபோது வெளியான அறிக்கையும் இவ்வேதனையை வெளிப்படையாகச் சொன்னது. வாழ்வு முழுவதையும் பகிரும் கணவன் மனைவி ஒரே திருவிருந்தில் பங்குபெற முடியாத நிலையை அது குறிப்பிட்டது.

6. உறுப்பினர் ஆவது என்றால் என்ன?

விவிலிய வகுப்புக்குச் செல்வதால் யாரும் லுத்தரன் ஆகிவிடுவதில்லை. உறுப்பினராவது தனிப்பட்ட முடிவு. பொதுவாக, விரும்புகிறவர் அச்சபைக் குருவைச் சந்தித்து, ஆயத்த வகுப்புகளை முடித்து, வழிபாட்டில் எல்லார் முன்பாகவும் விசுவாச அறிக்கை செய்கிறார். ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவருக்கு மறுபடி திருமுழுக்குக் கொடுக்கப்படுவதில்லை. "திரும்ப முழுக்கு எடுக்கணும்" என்று ஒரு சபை கேட்டால் அது லுத்தரன் போதனை அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். பின்பு சபைப் பதிவேட்டில் பெயர் எழுதப்படும். திருவிருந்தில் பங்கும், சபை நிர்வாகத்தில் குரலும், சந்தாக் கடமையும் அதோடு வரும். நடைமுறை விதிகள் சபைக்குச் சபை மாறும்.

நம் திருச்சபையின் பார்வை என்ன? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட 'கிறிஸ்தவ ஒன்றிப்பு' பற்றிய ஏடு, பிரிவினையில் இரு தரப்புக்கும் குற்றமுண்டு என்று ஏற்கிறது. இன்று அச்சபைகளில் பிறந்து வளர்பவர்மீது பிரிவினையின் பாவத்தைச் சுமத்தக்கூடாது என்றும், அவர்களைச் சகோதரராக மதிக்கவேண்டும் என்றும் கற்பிக்கிறது. ஆனால், கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்ந்த ஒருவர் அறிந்தே முழு உறவொன்றிப்பை விட்டு விலகுவது வேறு. அது நற்கருணையை, ஒப்புரவை, திருத்தூதர் வழிவந்த ஆயரோடும் திருத்தந்தையோடும் உள்ள உறவை விட்டு விலகுவது. இதைச் சிறிய காரியமாக நாம் சொல்ல முடியாது.

நடைமுறையில் நினைவில் கொள்ள வேண்டியவை:

- லுத்தரன் வழிபாட்டிலும் விவிலிய வகுப்பிலும் கத்தோலிக்கர் மரியாதையுடன் கலந்துகொள்ளலாம், சேர்ந்து செபிக்கலாம், பாடலாம்.
- அங்கே திருவிருந்து பெற நம் திருச்சபைச் சட்டம் இடம் தருவதில்லை. இதைச் சொல்லி அமைதியாக இருக்கையில் அமர்ந்திருப்பது அவமரியாதை ஆகாது.
- லுத்தரன் திருமுழுக்கு செல்லத்தக்கது. லுத்தரன் ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வர விரும்பினாலும் மறுபடி திருமுழுக்கு இல்லை. விசுவாச அறிக்கை, உறுதிபூசுதல், நற்கருணை வழியாக அவர் ஏற்கப்படுவார்.
- சபை மாறிய கத்தோலிக்கரையும் நம் திருமணச் சட்டம் தொடர்ந்து கட்டுப்படுத்துகிறது. இதிலிருந்து இருந்த விதிவிலக்கை 2009இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் நீக்கினார். "பேரை எடுத்துட்டேன், இனி சட்டமில்லை" என்ற எண்ணம் தவறானது.

7. திருமணத்துக்காகச் சேர்வதா?

"பொண்ணு வீட்டுல அந்தச் சபையில சேந்தாத்தான் கல்யாணம்னு சொல்றாங்க" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. திருமணத்துக்காக ஒருவர் சபை மாறவேண்டும் என்று நம் திருச்சபை கேட்பதில்லை. ஆயரின் அனுமதியுடன் கத்தோலிக்கரும் லுத்தரனும் அவரவர் விசுவாசத்திலேயே இருந்து மணம் செய்யலாம். கத்தோலிக்கத் துணைவர், தம் விசுவாசத்தில் நிலைத்திருப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்கிறார். அதை மற்றத் துணைவர் அறிந்திருக்க வேண்டும். லுத்தரன் ஆலயத்தில் திருமணம் நடத்த வேண்டுமானால், திருமண முறைமையிலிருந்து ஆயரிடம் விலக்குப் பெறவேண்டும். அழைப்பிதழ் அச்சடித்த பிறகு ஓடிவராமல், பேச்சு தொடங்கும்போதே பங்குத்தந்தையைச் சந்தியுங்கள். மணமேடைக்காகச் செய்யும் விசுவாச அறிக்கை, எந்தச் சபையில் செய்தாலும், உள்ளம் சேராத சொல்லாகவே நிற்கும்.

8. அந்தத் தாய்க்கு என்ன சொல்வது?

அம்மா, உங்கள் மகனைத் திட்டாதீர்கள். "என் பிணத்துக்கும் வராதே" போன்ற சொல் வேண்டாம். அவன் சீட்டாடப் போகவில்லை. இறைவார்த்தையைத் தேடிப் போயிருக்கிறான். முதலில் இதைக் கேளுங்கள்: "தம்பி, அங்க என்ன வாசிச்சீங்க? எனக்கும் சொல்லு." தொலைபேசியில் அவன் சொல்லச் சொல்ல, நீங்களும் அதே அதிகாரத்தை வாசியுங்கள். அவன் எதில் பசியாறினான் என்பது அப்போது தெரியும்.

அடுத்து, அவசரப்பட வேண்டாம் என்று அன்போடு கேளுங்கள். பெரோயா நகர மக்கள் பவுலின் போதனையைக் கேட்டபின், அது உண்மையா என்று நாள்தோறும் மறைநூலை ஆராய்ந்தார்கள் (திப 17:11). அவனும் ஆராயட்டும். சில கேள்விகளை அவன் தன்னிடமே கேட்கட்டும்: நான் விட்டுச்செல்ல நினைப்பதை முழுமையாக அறிந்திருக்கிறேனா? மறைக்கல்வியை நான் கடைசியாகக் கற்றது எந்த வயதில்? நான் தேடுவது உண்மையையா, நட்பையா, அல்லது என் பங்கில் ஒருவர்மீதுள்ள மனத்தாங்கலுக்கு மருந்தையா? நற்கருணை இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நான் ஏற்க முடியுமா? கத்தோலிக்கப் போதனையை விளக்கக்கூடிய ஒருவரிடம் மனம்விட்டுப் பேசினேனா?

இத்தனைக்கும் பிறகு மனச்சான்றின்படி அவன் வேறு முடிவெடுத்தால் நமக்கு வலிக்கும். அந்த வலியை மறைக்க வேண்டாம். ஆனால் வீட்டுக் கதவையும் உணவு மேசையையும் மூட வேண்டாம். ராஜநாயக்கனுக்கு நம்மவர் செய்ததை நாம் திரும்பச் செய்யக்கூடாது.

9. நமக்கு நாமே கேட்க வேண்டியது

அவன் ஏன் சென்னையில்தான் விவிலியத்தைத் திறந்தான்? பதினெட்டு வயது வரை நம் பங்கில்தானே இருந்தான்?

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இறைவெளிப்பாடு' என்ற ஏடு 1965இல் வெளிவந்தது. விசுவாசிகள் எல்லாருக்கும் விவிலியம் எளிதில் கிடைக்கவேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். நம் வீடுகளில் விவிலியம் இருக்கிறது. பல வீடுகளில் பீடத்தில் மாலையோடு இருக்கிறது. மாலையைக் கழற்றித் திறக்க யாராவது அழைத்தார்களா?

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. நம் அன்பியமே போதும். ஏழு படிகள் கொண்ட நற்செய்திப் பகிர்வு முறை நம்மில் பலருக்குப் பழக்கமானது. ஆண்டவரை அழைக்கிறோம், பகுதியை வாசிக்கிறோம், தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்கிறோம், அமைதி காக்கிறோம், கேட்டதைப் பகிர்கிறோம், செய்யவேண்டியதைக் கண்டறிகிறோம், இறுதியில் சேர்ந்து செபிக்கிறோம். இதோடு கற்றலையும் சேர்க்கலாம். லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள். வாரம் ஒன்று என்றால் 24 வாரங்களில், ஆறு மாதத்துக்குள் ஒரு முழு நற்செய்தி முடிந்துவிடும். புரியாத இடங்களைக் குறித்துவைத்து மாதம் ஒருமுறை பங்குத்தந்தையிடமோ அருள்சகோதரியிடமோ கேட்கலாம்.

நேரத்தையும் நம் மக்களுக்கு ஏற்றவாறு வைக்க வேண்டும். ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறிச் செல்வோர், மாலையில் களைத்துத் திரும்புகிறார்கள். வார நாள் இரவில் இரண்டு மணிநேர வகுப்பு அவர்களுக்குப் பயன்படாது. ஞாயிறு திருப்பலிக்குப் பின் நாற்பது நிமிடம் போதும். எழுத்து வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஒருவர் வாசித்துக் காட்டலாம். அவர்கள் சொல்லும் விளக்கம் சில நேரம் நம்மைத் திகைக்க வைக்கும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தொலைபேசி இருக்கிறது. அதே அதிகாரத்தை அவர்களும் அங்கே வாசித்து, அலைபேசியில் வீட்டாரோடு பகிரலாம். பக்கத்து லுத்தரன் அல்லது சி.எஸ்.ஐ. சபையினரையும் ஒரு நாள் அழைத்து, ஒரே பகுதியைச் சேர்ந்து வாசிக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் சனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் அதற்கு ஏற்ற வேளை.

எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் பாதையில், எத்தியோப்பிய நிதியமைச்சர் தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்துக்கொண்டிருந்தார். வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டார். ஒருவர் விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்று பதில் வந்தது. பிலிப்பு அவரைக் கடிந்துகொள்ளவில்லை; தேரில் ஏறி அவர் அருகில் அமர்ந்தார் (திப 8:26–40). நம் மகனின், மகளின் அருகில் அமர நாம் ஆயத்தமா?

அன்பியத்தில் பகிர:

1. கடந்த ஒரு மாதத்தில் நம் வீட்டில் விவிலியம் எத்தனை முறை திறக்கப்பட்டது?
2. வேறு சபைக்குச் சென்ற உறவினர் ஒருவரோடு பேசாமல் இருக்கிறோமா? இந்த வாரம் அவரைச் சந்திக்க முடியுமா?
3. நம் அன்பியத்தில் லூக்கா நற்செய்தியை எந்த ஞாயிறு தொடங்கலாம்?

செபிப்போம்: ஆண்டவரே, எல்லாரும் ஒன்றாய் இருக்கவேண்டும் என்று நீர் பாடுபடுமுன் வேண்டினீர். உம் வார்த்தையைத் தேடும் எம் பிள்ளைகளுக்குப் பொறுமையையும், அவர்களுக்காகக் கலங்கும் பெற்றோருக்கு அமைதியையும், எங்கள் பங்குகளுக்கு உம் வார்த்தையின் மேல் தீராத பசியையும் தாரும். ஆமென்.